எத்தனை எக்ஸ், மாமா?

தொலைவில் இருப்பதைப் பார்க்கிற எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை எக்ஸ், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் தொலைநோக்கிக்கு முன்னால் காசோடு நிற்பவர் கேட்பதும் அது. பைனாகுலரைப் பழுது பார்க்க என்னிடம் கொண்டுவருகிறவர் திரும்ப வாங்கிப் போகும்போது, "இதைவிடப் பெருசா எத்தனை எக்ஸ் வரைக்கும் இருக்கு சார்?" என்று கேட்பதும் அது. போன புரட்டாசியில் அமெரிக்காவிலிருந்து அழைத்த என் அக்கா மகனும் அதையேதான் கேட்டான். ஆனால் அவன் வாங்கப் போனது குறுக்குவில்லின் மேல் பூட்டுகிற ஸ்கோப், குறிபார்க்கிற தொலைநோக்கி. துப்பாக்கி மாதிரிக் கட்டையில் குறுக்கே பொருத்தி, விசையை அழுத்தி அம்பு விடுகிற வில் அது. அதை வைத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகப் போகிறானாம்.

"மாமா, பத்து எக்ஸ் இருந்தா நல்லாருக்கும்ல?"

"எதுக்கு மாப்ள? மானோட புருவத்தை எண்ணப் போறியா?"

நான் வேட்டைக்காரன் இல்லை. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கேமரா, பைனாகுலர் சர்வீஸ் செய்து பிழைத்தவன். சாயங்காலங்களில் பேரிஜம் ரோட்டுப் பக்கமோ வட்டக்கானல் சரிவிலோ கடமான் மேய வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். லென்ஸும் தெரியும், மானும் ஓரளவு தெரியும் என்பதால் மாப்பிள்ளை என்னைக் கேட்டான். வில் எனக்குப் புதிது. அதைப் படித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது, இந்தப் பொருளில் எத்தனை எக்ஸ் என்பதை முடிவு செய்கிற உரிமை வாங்குகிறவனுக்கே கிடையாது. அதை வில் முடிவு செய்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் நம்மூர் நிலவரம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இந்த மலைகளில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கடமானையும் வரையாட்டையும் சுட்டுத் தள்ளிய வேகத்தைப் பார்த்து அவர்களே பயந்துபோய், நீலகிரியில் 1877-இல் வேட்டைக்கு ஒரு சங்கமும் 1879-இல் ஒரு சட்டமும் கொண்டுவந்தார்கள். அது வேட்டையை நிறுத்தவில்லை, அடுத்த வருஷமும் வேட்டையாட விலங்கு மிஞ்ச வேண்டும் என்று வரையறுத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தம் மிச்சமிருந்த உரிமக் கதவுகளையும் அடைத்தது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடு 2013-இல் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது, அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இங்கே மானைப் பார்க்கக் கண்ணாடி வாங்கலாம், குறிவைக்க வாங்க முடியாது.

மாப்பிள்ளை இருக்கிற அமெரிக்க மாநிலமான ஒஹாயோவின் கதை வேறு. அங்கே மனிதர்கள் காட்டை அழித்து, கணக்கில்லாமல் சுட்டு, 1904 வாக்கில் மாநிலத்தில் ஒரு வெள்ளைவால் மான்கூட இல்லை என்ற நிலைமை. பிறகு கொண்டுவந்து விட்டு வளர்த்தார்கள். மானைத் தின்ன ஓநாயும் இல்லை, மலைச்சிங்கமும் இல்லை. நமக்குச் செந்நாயும் சிறுத்தையும் செய்கிற வேலையை அங்கே உரிமம் வாங்கிய மனிதன் செய்கிறான். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது அமெரிக்காவில் தனி வரி உண்டு. 1937-இல் வந்த சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்ததும் 1972-இல்தான். நாம் கதவை மூடிய அதே வருஷம் அவர்கள் வில்லுக்குச் சீட்டு வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "ஆட்டுக்கறி திங்கிறான், கோழி திங்கிறான், சரி. மானைப் போய் எப்படிடா தம்பி? அதுவும் புரட்டாசில பேசற பேச்சா இது?" என்றாள். பதில் சொல்ல எனக்கும் தெம்பில்லை. ஆனால் அவன் போவது என்று முடிவாகிவிட்டது. வேட்டைக்காரர் வகுப்பும் முடித்துவிட்டான். கூட வேலை பார்க்கிற ஒருவரின் பண்ணையில் இடமும் இருக்கிறது. அடிபட்ட மான் ராத்திரியெல்லாம் ரத்தம் சிந்திக்கொண்டு ஓடாமல் இருக்க வேண்டும் என்றால், கண்ணாடி விஷயத்தில் அவனுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுப்பதுதான் மாமன் செய்யக்கூடிய வேலை.

விஷயத்துக்கு வருகிறேன்.

ரைபிள் குண்டு நொடிக்கு எண்ணூறு மீட்டருக்கு மேல் போகிறது. குறுக்குவில்லின் அம்பு, நல்ல வில்லில், நொடிக்கு 350 அடி. அதாவது சுமார் 107 மீட்டர். ரைபிளின் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த புவியீர்ப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபது கஜத்தைக் கடக்க அம்புக்கு 0.17 நொடி, அதற்குள் அது 14 சென்டிமீட்டர் விழுந்துவிடும். நாற்பது கஜத்துக்கு இரண்டு மடங்கு நேரம், நான்கு மடங்கு வீழ்ச்சி: 57 சென்டிமீட்டர். ஸ்கோப்பை இருபது கஜத்துக்குச் சரிசெய்து வைத்துவிட்டு அதே புள்ளியை எல்லாத் தூரத்துக்கும் குறிவைத்தால் என்ன ஆகும்? ஸ்கோப் வில்லுக்கு மேலே ஓர் ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டேன். முப்பது கஜத்தில் அம்பு நாலு விரற்கடை கீழே போகும். நாற்பதில் ஒரு சாண். ஐம்பதில் ஒரு முழம். காற்றின் தடையைச் சேர்க்காத கணக்கு இது. உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே விழும்.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி இருபது முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலம். நடுவில் குறிவைத்தால் மேலே கீழே ஆறு விரற்கடைதான் இடம்.

இதனால்தான் குறுக்குவில் ஸ்கோப்பின் உள்ளே ஒரே கூட்டல்குறிக்குப் பதிலாக ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து கோடுகள் இருக்கும். மேல்கோடு இருபது கஜம், அடுத்தது முப்பது, நாற்பது, ஐம்பது. தூரம் தெரிந்தால் அந்தக் கோட்டை மானின் மேல் வைத்து விசையை அழுத்தலாம். ஆனால் கோடுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி எந்த வில்லுக்கு? மெதுவான வில்லுக்கு அம்பு அதிகம் விழும். இடைவெளி கூடுதலாக வேண்டும். வேகமான வில்லுக்குக் குறைவாக வேண்டும். கண்ணாடியில் கீறிய கோட்டை ஒவ்வொரு வில்லுக்கும் மாற்றிக் கீற முடியுமா?

இங்கேதான் செய்தவனின் கெட்டிக்காரத்தனம். இந்த வகை ஸ்கோப்பில் கோடுகள் கண்ணுக்கு அருகில் இருக்கிற பின்குவியத்தில் இருக்கின்றன. பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பினால் மான் பெரிதாகும், சின்னதாகும். கோடுகள் அப்படியே இருக்கும். அதாவது ஒன்றரை எக்ஸில் இரண்டு கோடுகளுக்கு நடுவே வெளியுலகத்தின் பெரிய துண்டு அடங்கும், ஐந்து எக்ஸில் சின்னத் துண்டு. ஆகவே வளையத்தைத் திருப்புவதே கோட்டு இடைவெளியை மாற்றுவதுதான். அதனால் வளையத்தில் எக்ஸ் எண்ணுக்குப் பதிலாக, அல்லது அதோடு சேர்த்து, வேகத்தையே எழுதிவிட்டார்கள்: 275, 300, 350, 400 என்று. உன் வில்லின் வேகத்துக்கு வளையத்தை வை, பிறகு தொடாதே. மான் இன்னும் கிட்டத்தில் தெரியட்டும் என்று ஆசைப்பட்டு அதைத் திருப்பினால், நாற்பது கஜக் கோடு நாற்பது கஜக் கோடாகவே இருக்காது.

மாப்பிள்ளைக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப ஜூம் பண்ணவே கூடாதா மாமா?" என்றான். கூடாது. ஒன்றரை முதல் ஐந்து எக்ஸ், முன் லென்ஸ் 32 மில்லிமீட்டர் என்று கடைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற அந்த அளவுக்குக் காரணமே இதுதான். அதை விலை குறைந்த சாமான் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவன், ரைபிளுக்கு உள்ள மூன்று முதல் ஒன்பது எக்ஸ் ஸ்கோப்பை வாங்கி வில்லில் மாட்டுகிறான். ஒன்பது எக்ஸில் இருபது கஜத்தில் பார்த்தால் ஒரு மீட்டர் அகலம்கூடத் தெரியாது. பழுப்பு ரோமம் தெரியும். அது விலாவா தொடையா என்று கண்டுபிடிப்பதற்குள் மான் நகர்ந்திருக்கும்.

வளையத்தில் போட்டிருக்கிற எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. வில்லோடு வருகிற பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் இலேசான அம்பை வைத்து அளந்தது. இவன் போடுகிற அம்பு கனமாக இருந்தால் வேகம் குறையும். சரியான வழி, இருபது கஜத்தில் மேல்கோட்டுக்கு அம்பு விழும்படி முதலில் திருகிச் சரிசெய்வது. பிறகு நாற்பது கஜத்துக்குப் போய், நாற்பதாம் கோட்டை வைத்து எய்வது. அம்பு கீழே விழுந்தால் வளையத்தைக் குறைந்த வேகத்தின் பக்கம் ஒரு நூல் திருப்ப வேண்டும், மேலே விழுந்தால் எதிர்ப்பக்கம். இரண்டும் ஒத்துப்போனபின் வளையத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் அந்த வில்லுக்கும் அந்த அம்புக்கும் சேர்ந்த ஜாதகம். வேட்டைக்குப் போடுகிற அகலமுனை அம்பு பழகுகிற கூர்முனை அம்பு விழுந்த இடத்திலேயே விழும் என்று நிச்சயம் இல்லை. கடைசியாக அதையும் ஒருமுறை எய்து பார்க்க வேண்டும்.

குறியை நகர்த்துகிற திருகிகளைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு, நிறைய பேர் இங்கே பொறுமை இழப்பதால். ஒரு 'கிளிக்' என்பது நூறு கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். இருபது கஜத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அம்பு ஐந்து சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் நாற்பது கிளிக் வரை திருக வேண்டியிருக்கும். நாலு கிளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யல" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

இதெல்லாம் தூரம் தெரிந்தால்தான். தூரம்தான் இந்த விளையாட்டில் முக்கால்வாசி. நாற்பத்தைந்து கஜத்தில் நிற்கும் மானை நாற்பது என்று நினைத்து எய்தால் அம்பு ஏழு சென்டிமீட்டருக்கு மேல் கீழே போகும். மேலே சொன்ன ஆறு விரற்கடையில் நாலு அங்கேயே தீர்ந்தது. கை நடுக்கத்துக்கு மிச்சம் இரண்டு.

இந்த இடத்தில் என் மாப்பிள்ளைக்கு என்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது, ஒஹாயோவில் பிறந்த யாருக்கும் இல்லாதது. அவன் மான் பார்த்துப் பழகியது இந்த மலையில். அவன் கண்ணில் மான் என்றால் கடமான். தோள் உயரம் நாலரை அடி இருக்கிற ஆண் கடமான். வெள்ளைவால் மான் தோளில் மூன்றடிதான். முப்பது கஜத்தில் நிற்கிற மூன்றடி மானும் நாற்பத்தைந்து கஜத்தில் நிற்கிற நாலரையடிக் கடமானும் கண்ணுக்கு ஒரே உயரம். கொடைக்கானல் கண்ணை வைத்துக்கொண்டு அவன் அளந்தால் நாற்பத்தைந்து என்று தோன்றும், அந்தக் கோட்டை வைத்து எய்வான், அம்பு நுரையீரலைத் தாண்டி முதுகுப் பக்கம் போகும். இதை நான் போனில் சொன்னபோது அவன் சிரித்தான். மறுநாள் பண்ணையில் போய் ஒரு மான் பொம்மையைப் பார்த்துத் தூரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்க சொன்னது நெசந்தான்" என்று செய்தி அனுப்பினான். லேசர் தூரமானி ஒன்று தனியாக வாங்கிக்கொள், ஸ்கோப் பணத்தில் பாதியை அதற்கு ஒதுக்கு என்றேன். உட்கார்ந்த இடத்திலிருந்து மரங்களை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டால் போதும். மான் வந்தபின் அளக்கத் தேவையில்லை. மூடுபனி நாளில் லேசர் பனியிலேயே பட்டுத் திரும்பிப் பொய் சொல்லும் என்பதை நம் ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரிவு இன்னொரு விஷயம். அம்பின் வீழ்ச்சி படுக்கைவாட்டுத் தூரத்தைப் பொறுத்தது. முப்பது பாகைச் சரிவில் கீழே நாற்பது கஜத்தில் நிற்கிற மானுக்கு, முப்பத்தைந்து கஜத்துக் கோடுதான் சரி. பூம்பாறை, கூக்கல் பக்கத்துப் படிவயல்களில் நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் பெரிது. மாப்பிள்ளை உட்காரப் போவதோ சமதரையில் இருபதடி உயர மரப்பரண். அங்கிருந்து இருபது கஜத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு கஜம்தான் குறைகிறது. அதற்காகச் சரிவைக் கணக்கிடும் கருவி என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்றேன்.

ஐம்பது, அறுபது கஜக் கோடுகள் ஸ்கோப்பில் இருக்கின்றனவே, அவற்றை எதற்குப் போட்டான்? பழகுவதற்கு. மானின் மேல் வைக்க அல்ல என்பது என் அபிப்பிராயம். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. நாற்பது கஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு நாண் அடிக்கிற சத்தம் 0.11 நொடியில் போய்ச் சேரும். அம்பு போய்ச் சேர 0.34 நொடி. நடுவே கிட்டத்தட்ட கால் நொடி. கலைந்த மான் ஓடுவதற்கு முன்னால் காலை மடக்கித் தாழும், பாய்வதற்குத் தயாராக. கால் நொடியில் அது ஒரு சாண் தாழ்ந்தாலே மேலே போட்ட கணக்கு எல்லாம் வீண். எந்தக் கண்ணாடியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. முப்பது கஜத்துக்குள் வரவில்லையா, விட்டுவிடு என்றேன். அவன் நண்பர்கள் நாற்பது என்கிறார்களாம். அவர்கள் பாடு.

இனி வெளிச்சம். இதுதான் நான் நன்றாகப் பேசக்கூடிய இடம்.

மான் வெளியே வருவது விடிகிற நேரமும் இருட்டுகிற நேரமும். ஒஹாயோவில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்பு வரை எய்ய அனுமதி. நமக்குப் பத்துப் பாகை அட்சரேகை. சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்திவெளிச்சம் இருபது நிமிஷத்தில் தீர்ந்துபோகும். ஒஹாயோவின் கொலம்பஸ் நகரம் நாற்பது பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் சாய்ந்து இறங்குகிறது, அரைமணி வரை வெளிச்சம் இழுக்கும். அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நல்ல லென்ஸுக்குக் காசு கொடுக்கிறோம்.

கண்ணாடியின் முன் லென்ஸ் அகலத்தை எக்ஸால் வகுத்தால் வருவது கண்ணுக்குள் போகிற ஒளிவட்டத்தின் அகலம். வாலிபக் கண்ணின் பாவை இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். என் வயதில் ஐந்து விரிந்தால் பெரிது. 32 மில்லிமீட்டர் லென்ஸ் நாலு எக்ஸில் எட்டு மில்லிமீட்டர் தருகிறது, ஐந்து எக்ஸில் 6.4. கண்ணால் வாங்க முடிகிற அளவு அதற்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் மிச்ச வெளிச்சம் பாவையைச் சுற்றி வெளியே விழும்; வில்லின் மேல் கனம்தான் கூடும். அதே சமயம் பத்து எக்ஸ், 32 மில்லிமீட்டர் என்றால் 3.2தான். மத்தியானத்தில் பளிச்சென்று இருக்கும், இருட்டுகிற நேரத்தில் கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

இங்கே வருகிற சுற்றுலாக்காரர்கள் சட்டைப்பைக்குள் அடங்குகிற பத்து எக்ஸ் 25 மில்லிமீட்டர் பைனாகுலரோடு வந்து, சாயங்காலம் ஆறு மணிக்குக் காட்டெருமையைப் பார்த்துவிட்டு, "கருப்பா ஏதோ தெரியுது சார்" என்கிறார்கள். இரண்டரை மில்லிமீட்டர் ஒளிவட்டத்தில் கருப்புதான் தெரியும். எட்டு எக்ஸ் 42 வைத்திருப்பவர் அதே இடத்தில் நின்று கொம்பின் வளைவைச் சொல்கிறார்.

லென்ஸின் பூச்சையும் பார்க்க வேண்டும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போயிற்று. எல்லாப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சு என்று எழுதியிருந்தால் வாங்கலாம். வெறுமனே 'பூச்சு உண்டு' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மட்டும் இருக்கலாம். ஊதா, பச்சை என்று மெல்ல நிறம் காட்டுவது நல்ல பூச்சு. கண்ணாடி போல ரத்தச் சிவப்பாகப் பளபளக்கிற லென்ஸைப் பார்த்தால் நான் ஓடிவிடுவேன். நடைபாதையில் விற்கிற பைனாகுலர்களில் அதுதான் இருக்கும். பார்க்க அழகு, பாதி வெளிச்சத்தை வெளியே துப்புகிறது.

கோடுகளுக்குச் சிவப்பு விளக்கு உண்டு. கருத்த காட்டின் முன் கருப்புக் கோடு தெரியாது, அதனால் விளக்கு வேண்டும். ஆனால் விளக்கின் மிகக் குறைந்த அளவு எவ்வளவு மங்கல் என்பதைத்தான் கடையில் பார்க்க வேண்டும். இருட்டில் பிரகாசமான சிவப்பு, பார்க்கிறவன் கண்ணையே சுருக்கிவிடும். மானுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதன் கண்ணில் நீலத்துக்கும் பச்சைக்கும்தான் செல்கள் உண்டு. வேட்டைக்காரர்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு திரிய முடிவதும் அதனால்தான்.

விற்கிறவர்கள் பயமுறுத்துகிற ஒரு சொல் பாரலாக்ஸ், பாடப்புத்தகத்து இடமாறு தோற்றப்பிழை: கண்ணை நகர்த்தினால் குறியும் நகர்ந்த மாதிரி தெரிவது. ரைபிள் ஸ்கோப்பை நூறு கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். வில் ஸ்கோப்பை முப்பது, ஐம்பது கஜத்துக்கு. தப்பானதை வாங்கினால் அம்பு எங்கேயோ போகும் என்பார்கள். கணக்குப் போட்டால் 32 மில்லிமீட்டர் லென்ஸில், நாற்பது கஜத்தில், கண்ணை முழுவதும் ஓரத்தில் வைத்துப் பார்த்தால்கூட ஒரு சென்டிமீட்டர் பிழைதான் வருகிறது. கண்ணை நடுவில் வைத்தால் அதுவும் இல்லை. ரைபிள் ஸ்கோப்பை வில்லில் மாட்டாமல் இருக்க இதைவிட நல்ல காரணம், அதிர்ச்சி. துப்பாக்கி பின்னால் உதைக்கும், அவ்வளவுதான். வில்லில் நாண் விடுபட்டதும் விற்கைகள் பாய்ந்து சட்டென்று நிற்கின்றன. அந்த உதறல் முன்பக்கமாகவும் வருகிறது. ஒரே பக்கத்து உதைக்கு மட்டும் ஒட்டிய லென்ஸ் நாளடைவில் இளகிவிடும். பழுதுக்கு வந்த ஏர்கன் ஸ்கோப்புகளில் இதே நோயைப் பார்த்திருக்கிறேன். அதன் சுருள்வில்லும் இரண்டு பக்கமும் உதறும்.

தூரத்தையும் அளந்து, கோட்டையும் தானே போட்டுக் காட்டுகிற மின்னணு ஸ்கோப்புகளைக் கார்மின் போன்றவர்கள் விற்கிறார்கள். விலை வில்லைத் தாண்டும். மொன்டானா போன்ற சில மாநிலங்களில் வில் வேட்டைக்கு அப்படிப்பட்ட கருவியை வில்லில் பொருத்தவே கூடாது. ஆரிகனில் குறுக்குவில்லுக்கே அனுமதி இல்லை. முதல் வருஷத்துக்காரனுக்கு அது தேவையில்லை என்று சொன்னேன். காசு காரணம் இல்லை. அளக்கிற பழக்கம் கண்ணுக்கு வரட்டும் என்றுதான்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னேன்: ஸ்கோப்பைப் பைனாகுலர் மாதிரி உபயோகிக்காதே. புதரில் அசைவது என்ன என்று ஸ்கோப் வழியாகப் பார்ப்பது என்றால் ஏற்றிய வில்லை அதன் மேல் நீட்டுவது என்று அர்த்தம். அசைவது மனிதனாக இருக்கலாம். கழுத்தில் ஒரு எட்டு எக்ஸ் 42 தொங்கட்டும். அதில் பார்த்து, மான் என்று உறுதியான பிறகு வில்லைத் தூக்கு.

கடைசியில் அவன் வாங்கியது ஒன்றரை முதல் ஐந்து எக்ஸ், 32 மில்லிமீட்டர், வேக வளையம் உள்ளது, சிவப்பு விளக்கு, உள்ளே நைட்ரஜன் நிரப்பியது. மிச்சப் பணத்தில் தூரமானி. நைட்ரஜன் உள்ளே பனி படியாமல் தடுக்கும். வெளியே படிவதை அது ஒன்றும் செய்யாது. வெளியே குளிரில் இருந்துவிட்டுச் சூடேற்றிய வீட்டுக்குள் ஸ்கோப்பைக் கொண்டுவந்தால் ஒரு நிமிஷத்தில் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். சட்டையால் துடைக்காதே, பூச்சு கீறும். பையோடு வெளியறையிலேயே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு உள்ளே எடு என்று சொல்லியிருக்கிறேன். வேட்டைக்காலம் முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடுகிற டப்பாவில் வைக்க வேண்டும், தோல் உறையில் வைக்கவே கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சை அங்கிருந்துதான் லென்ஸுக்கு ஏறும். கொடைக்கானலில் என் மேசைக்கு வந்த பைனாகுலர்களில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது கீழே விழுந்த அடி இல்லை, இந்தப் பூஞ்சைதான். அது லென்ஸின் மேல் வலை பின்னிக்கொண்டு அமிலத்தால் கண்ணாடியையே அரிக்கும். அரித்த பிறகு துடைத்தாலும் தடம் போகாது. ஒஹாயோவின் கோடையும் புழுக்கம்தான் என்கிறான். இந்த டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஸ்கோப்பை எடுத்துவந்து காட்டுகிறேன் என்றான். வேண்டாம், விமான நிலையத்தில் பதில் சொல்லி முடியாது, பைனாகுலரை மட்டும் கொண்டுவா, பேரிஜம் பக்கம் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.